சாலைக் கம்போளம் பக்கத்துல ஒரு பழைய பிளாட்

ஒருவழியா திருவனந்தபுரத்துல வீடு வாங்கிட்டோம், கிழக்கே கோட்டைல இருந்து நடக்குற தூரம், சாலைக் கம்போளத்து, அதாவது சாலை மார்க்கெட்டு சத்தம் பால்கனி வரைக்கும் வரும், முப்பது வருஷப் பழைய பிளாட். தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துலயே இருக்கு, நாகர்கோவில் பஸ் ஏற ஆட்டோ வேண்டாம்னு அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம், கடைகள்லயும் தமிழ்லயே பேசிக்கலாம்.

புதுசா வாங்கலாமேன்னு எல்லாரும் கேட்டாங்க. என்னைக் கேட்டா பழசுல கட்டடத்தோட குணம் கண்ணுக்குத் தெரிஞ்சிடும். வேணும்னே ஜூன் மழைல போய் பார்த்தோம், பாத்ரூமுக்குக் கீழ் வீட்டு சீலிங் ஈரமா இருக்கா, பைப் இரும்பா, வயரிங் எந்தக் காலத்துதுன்னு ஒவ்வொண்ணா. சன்ஷேடை கட்டாயம் தட்டிப் பாருங்க, கடல் காத்து உப்பு காங்கிரீட்டுக்குள்ள எறங்கினா கம்பி துருப்பிடிச்சு வீங்கும், வீங்கி காங்கிரீட்டையே பொளந்து தள்ளிடும், மேல சிமெண்டு பூசி பெயிண்ட் அடிச்சிருந்தா வெளிய தெரியாது.

ஆதாரத்துல, அதாவது கிரயப் பத்திரத்துல, நிலத்துக்கான நம்ம பங்கு எவ்வளவுன்னு பாருங்க, நாளைக்கு கட்டடத்தை இடிச்சா மிஞ்சுறது அதுதான். கேரளாவுல முத்திரைத்தாள் 8 சதவீதம், ரிஜிஸ்ட்ரேஷன் 2 சதவீதம், அப்ப 40 லட்சத்துக்கு 4 லட்சம் தனியா வேணும். அதுக்கு அம்மா வளையலை அடகு வச்சோம். ஓணத்துக்குள்ள திருப்பிடணும்.