சீலோவாம் வரை நடந்த தூரம்

எருசலேமில், தாவீதின் நகரத்தின் அடியில் இரண்டு சுரங்கங்கள் பிரிகின்றன. கால் நனையாமல் போக ஒன்று. மற்றது எசேக்கியாவின் சுரங்கம். கீகோன் ஊற்றின் நீர் இன்றும் அதன் வழியாகத்தான் சீலோவாம் குளத்துக்கு ஓடுகிறது. வார்ச்செருப்பை இறுக்கிக்கொண்டு, கைவிளக்குடன் நான் நீருக்குள் இறங்கினேன்.

தொடக்கத்தில் தொடை நனைந்தது, போகப் போக முழங்காலுக்குக் கீழே இறங்கியது. நீளம் 533 மீட்டர். தோளைப் பாறை உரசும் அளவுக்குக் குறுகல். இரு முனைகளிலிருந்தும் குடைந்து வந்தவர்கள், நடுவில் ஒருவர் மற்றவரை அழைத்த குரலைக் கேட்டதாக 1880-இல் இங்கே கண்டெடுத்த கல்வெட்டு சொல்கிறது. அசீரியப் படை வந்தபோது நமக்குத் துணை நம்முடைய தேவனாகிய கர்த்தர் என்று ஜனங்களைத் திடப்படுத்திய எசேக்கியா ராஜாதான் இந்தப் பாறையையும் வெட்டச் சொன்னவன். அந்த உளித் தடங்களை விரலால் தடவியபடியே நடந்தேன்.

பாதி வழியில் விளக்கை அணைத்தேன். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. யோவான் 9-ஆம் அதிகாரத்துப் பிறவிக் குருடன் நினைவுக்கு வந்தான். ஆண்டவர் அவன் கண்களில் சேற்றைப் பூசி, “நீ போய், சீலோவாம் குளத்திலே கழுவு” என்றார். அந்த இடத்திலேயே பார்வை கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. ஆலயப் பக்கமிருந்து குளத்துக்கு வருவதென்றால் செங்குத்தான இறக்கம். யாராவது கைப்பிடித்து அழைத்துவந்தார்களா என்று வேதம் சொல்லவில்லை. முகத்தில் சேறு காய்ந்து இழுக்க, தெருவில் போகிறவர்கள் பார்க்க, ஒன்றுமே மாறாத கண்களோடு அவன் நடந்தான். அவனுடைய விசுவாசம் அப்போது அவன் கால்களில்தான் இருந்தது.

வெளிச்சத்துக்கு வந்து, சற்றுத் தள்ளியிருக்கும் அகன்ற கல்படிகளில் உட்கார்ந்தேன். 2004-இல் கழிவுநீர்க் குழாய் பழுதுபார்க்கத் தோண்டியபோது வெளிப்பட்டவை. இயேசுவின் காலத்துக் குளத்தின் படிகள்.

என் அண்ணனோடு பேசி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த மூன்று ஆண்டுகளில் அவருக்காக ஜெபிக்காமல் நான் படுத்ததில்லை. அதையே என் கீழ்ப்படிதலாக நினைத்திருந்தேன். “முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி” என்ற வசனமோ எனக்கு மனப்பாடம். போ என்று சொன்னவரிடமே, போகாமல் நின்றுகொண்டு, நீர் அவரை மாற்றும் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் படியில் இதை உணர்ந்தபோது அழுகை வந்தது.

அந்தக் குருடன் ஜெபித்ததாகக்கூட வேதத்தில் எழுதியில்லை. “அவன் போய்க் கழுவி, பார்வையடைந்தவனாய்த் திரும்பிவந்தான்” என்று மட்டும் இருக்கிறது.

உடை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கையைத் துடைத்துவிட்டு அண்ணனின் எண்ணை அழுத்தினேன். நெடுநேரம் மணி அடித்தது. எடுத்தவர் ஒன்றும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

“அண்ணா, நான்தான்” என்றேன்.