தேர், தேறு, தெரி: பொதுத்தமிழுக்கு நான் படித்த வகை

குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் பாதி தமிழிலிருந்து வருவதால், ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்திற்கு இறங்கி வந்து நூலகத்தில் படித்த நாள்களில், அந்தப் பகுதியைப் பற்றி நான் சிறிதும் கவலைப்படவில்லை. மாதிரித் தேர்வொன்றில் ‘தேறற்க’ என்பதன் பொருளைக் கேட்டிருந்தார்கள். ‘ஆராயாதே’ என்ற விடையை நிரப்பிவிட்டு வந்தேன். ‘நம்பாதே’ என்பதே சரியான விடை.

‘தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்’ என்ற 509ஆம் குறளைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருந்தும், இடையின ரகரம் வரும் ‘தேர்’ ஆராய்தலையும், வல்லின றகரம் வரும் ‘தேறு’ தெளிந்து நம்புதலையும் குறிப்பதை நான் கவனித்ததே இல்லை. ஆராயாமல் நம்பாதே, ஆராய்ந்தபின் நம்பத்தக்கதை நம்பு என்று இரண்டு வினைகளையும் வள்ளுவர் வரிசைப்படுத்தியே வைத்திருக்கிறார்.

அன்று முதல் ஒரு சொல்லை அது வரும் பாடலடியோடு சேர்த்தே குறிப்பேட்டில் எழுதினேன். கண்ணகி பாண்டியனை ‘தேரா மன்னா’ என்று விளிக்கும் இடத்தில், அது ஆராயாத மன்னன் என்னும் பொருள் தரும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்; அதாவது ‘தேராத’ என்பதன் கடைசி எழுத்து மறைந்து ‘தேரா’ என்று நிற்கிறது. இலக்கண வினாவும் பொருள் வினாவும் அந்த ஓர் அடியிலேயே அடங்கிவிடும். குறுந்தொகையின் ‘கொங்குதேர் வாழ்க்கை’யில் தும்பி தேனைத் தேடி ஆராய்கிறது. தேர்தல் என்றால் வாக்களிப்பது, தேர்வு என்றால் பரீட்சை என்று பழகிய நமக்கு, இந்த மூத்த பொருள் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

எனக்கு இது முழுமையாக விளங்கியது வீட்டுத் திண்ணையில்தான். அம்மா முறத்தில் காப்பிக்கொட்டையைப் பரப்பி, ஒவ்வொன்றையும் விரலால் புரட்டி, கருத்ததையும் உடைந்ததையும் பொறுக்கி ஓரமாக வைப்பார். புரட்டிப் பார்ப்பது தேர்தல், நல்லதைக் கொள்வது எடுத்தல். தேர்ந்தெடுத்தல் என்னும் சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருப்பதை நான் அந்த முறத்தில்தான் கண்டேன்.

‘தெரி’ என்பது ‘தேர்’ என்பதற்கு உறவுச்சொல். ‘தெரிந்து தெளிதல்’ என்ற அதிகாரத் தலைப்பில் அது ஆராய்தலைக் குறிக்கிறது. இலங்கைத் தமிழர் இன்றும் ‘தெரிவு செய்தல்’ என்றே எழுதுகின்றனர். கோயில் தேர் வேறு சொல், அதை இந்தக் கூட்டத்தில் சேர்த்துக் குழம்ப வேண்டாம்.

வேர்ச்சொல் வினாக்களுக்கு தேர்ந்தான், தேர்ந்து, தேர்ந்தவர், தேர்தல் என்றும், தேறினான், தேறி, தேறியவர், தேறுதல் என்றும் இரண்டு பத்திகளாக எழுதி, ர, ற இரண்டையும் வேறுபடுத்தி வாய்விட்டுப் படியுங்கள். விடைத்தாளில் ‘விடை தெரியவில்லை’ என்று ஐந்தாவது வட்டம் ஒன்று உண்டு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாதபோது அதை நிரப்பி ஒரு வாய்ப்பை இழப்பானேன்?