எங்கள் கல்யாணக் குறிப்புகள்

ஜனவரி 12, ஞாயிறு

தேதி முடிவாகிவிட்டது: ஜூன் 29. அம்மா அப்போதே மண்டபம் தேட ஆரம்பித்துவிட்டார். அக்காவுக்கு வேறு கவலை. "தீம் என்னடி?" என்றாள். அவளுக்குப் பதில் சொல்லவாவது வேண்டுமே என்று இணையத்தில் கொஞ்ச நேரம் மேய்ந்தேன். "உங்களுக்கே உங்களுக்கான கல்யாணம்" என்று விற்பதெல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுதான். இருவர் பெயரின் முதலெழுத்தைப் பின்னிப்போட்ட சின்னம், அந்தச் சின்னம் போட்ட பை, அதே சின்னம் போட்ட மெழுகுவத்தி, நியான் விளக்கில் பெயர்கள். எழுத்தை மாற்றினால் அடுத்த ஜோடிக்கும் அப்படியே பொருந்தும்.

நான் கட்டிக்கொள்ளப்போகிறவர் இருக்கிறாரே, அவரிடம் புலம்பினேன். "நம்ம பேரை எல்லா இடத்துலயும் எழுதுறதைவிட, வர்றவங்களை ஒவ்வொருத்தரா நினைச்சு ஏற்பாடு பண்ணலாமே" என்றார். பிடித்திருந்தது. அலங்காரக்காரர் ஆல்பத்தைத் திறக்கும்போது இது மறந்துபோகும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

பட்டியல் போடும் நாள். இரண்டு வீட்டுப் பெயர்களும் சேர்ந்தால் நானூறு ஆகிறது. பிரிட்டிஷ் மானிடவியலாளர் ராபின் டன்பர் 1990களில் சொன்ன 150 என்ற எண்ணை அவர் எடுத்துக்காட்டினார். ஒரு மனிதரால் உறவென்று பேண முடிகிறவர்கள் ஏறத்தாழ அவ்வளவுதானாம். அதற்குள்ளும் 5, 15, 50 என்று நெருக்கத்தின் வட்டங்கள். அந்த எண் சரியா என்று ஆய்வாளர்களே சண்டை போடுகிறார்கள் என்பது வேறு விஷயம். அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அவருக்கு நம்ம சொந்தக்காரங்களைத் தெரியாது."

கடைசியில் அப்பாவை அசைத்தது டன்பர் அல்ல, வகுத்தல் பெருக்கல். வந்தவர் ஒவ்வொருவரிடமும் இரண்டு நிமிடம் பேசினால் 150 பேருக்கு ஐந்து மணி நேரம். 400 பேருக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல். அதாவது பாதிப் பேரைக் கும்பிட்டு, சிரித்து, படம் எடுத்து அனுப்பிவிடத்தான் முடியும். அதற்கு அவர்கள் ஒரு நாளை ஏன் செலவழிக்க வேண்டும்?

சரி, 180க்குள் நிறுத்துவது. மற்றவர்களின் வீட்டுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு நாங்களே போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது. அம்மாவுக்கு அரை மனசு.

பிப்ரவரி 9

செலவைப் பற்றிய சண்டை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வை நான் கொண்டுபோனேன். திருமணம் ஆன அல்லது ஆகியிருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கேட்டு எழுதியது. கல்யாணத்துக்கு ரொம்பச் செலவு செய்தவர்களிடையே மணமுறிவு அதிகம் என்று ஒரு முடிவு. நிறையப் பேர் வந்திருந்த கல்யாணங்கள் கூடுதலாக நிலைத்திருந்தன என்று இன்னொரு முடிவு.

அப்பா இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டார். "பார், கூட்டம் நல்லதுன்னு அவங்களே சொல்றாங்க!" இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது என்று விளக்கப் போனேன். அப்பா அதற்குள் கூட்டல் போட ஆரம்பித்திருந்தார். இருந்தாலும் ஒன்று நடந்தது: மொத்தச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு எழுதி, இருவீட்டுப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று எதிர்பாராச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கியிருக்கிறோம்.

மார்ச் 2, ஞாயிறு

இன்று மண்டபத்தில் ஒரு மணி நேரம் தரையில் அளவு நாடாவோடு தவழ்ந்தோம்.

காரணம் பெரியம்மா. அவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார். என்னைத் தூக்கி வளர்த்தவர். நான் மேடையில் நிற்கும்போது அவர் கீழே இருந்து அண்ணாந்து பார்ப்பதா? மண்டபக்காரர் தாராளமாகச் சொன்னார்: "அதுக்கென்னம்மா, நாலு பேரு நாற்காலியோட தூக்கி விட்டுருவாங்க." பெரியம்மாவை அப்படித் தூக்கினால் அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன்.

சாய்தளம் போடலாம் என்றால், சக்கர நாற்காலிக்குப் பொதுவாகச் சொல்லும் சரிவு 1:12. ஒரு செ.மீ. உயரத்துக்குப் பன்னிரண்டு செ.மீ. நீளம். மேடை 60 செ.மீ. உயரம். அப்படியென்றால் ஏழு மீட்டருக்கும் மேல் சாய்தளம் வேண்டும். முதல் நான்கைந்து வரிசை நாற்காலிகளை அது விழுங்கிவிடும். "கொஞ்சம் செங்குத்தா போட்டுக்கலாம்" என்றார் மண்டபக்காரர். செங்குத்தாகப் போட்டால் பின்னாலிருந்து தள்ளுகிறவருக்கும் ஆபத்து, உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து.

என்னவர்தான் திருப்பிக் கேட்டார்: "மேடை எதுக்கு?"

உண்மையிலேயே எதற்கு? எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பதற்கு. 180 பேர் நீள வரிசைகளில் உட்கார்ந்தால்தானே தெரியாது. அரைவட்டமாக உட்கார வைத்தால் கடைசி வரிசையே பக்கத்தில் வந்துவிடும். நடுவில் 15 செ.மீ. உயரத்துக்கு ஒரு பலகைத் தளம். அதற்கு 1.8 மீட்டர் சாய்தளம் போதும். அதையும் தளத்தின் பின்பக்கம் ஒட்டாமல் முன்பக்கமே வைக்கிறோம். எல்லாரும் வருகிற வழியும் அதுதான். அவரவர் ஏறும்போது பெரியம்மாவும் ஏறுவார், அவ்வளவுதான். நாற்காலிகளுக்கு நடுவில் உள்ள வழியை 120 செ.மீ. ஆக்கச் சொன்னோம். ஓய்வறைக் கதவையும் அளந்தோம். நாற்காலி நுழைகிறது.

மேடை இல்லாத கல்யாணமா என்று அம்மா இரவு முழுக்க முணுமுணுத்தார். பெரியம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 16

ஒப்பந்தங்கள். அலுப்பான வேலை, ஆனால் கேட்டுவிட வேண்டும்: மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை நொடியில் எடுக்கும், நாள் தள்ளிப்போனால் முன்பணம் என்னாகும், படம் எடுக்க அன்று யார் நேரில் வருவார். கடைசிக் கேள்விக்கு ஒரு ஸ்டூடியோ நேராகப் பதிலே சொல்லவில்லை. காட்டிய ஆல்பம் ஒருவர் எடுத்தது, வரப்போகிறவர் வேறு. விட்டுவிட்டோம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

உறுதிமொழியை நாங்களே எழுதுகிறோம். அவர் எழுதியது அரைப் பக்கம், நான் எழுதியது மூன்று பக்கம். இருவரும் ஒரே நீளம் என்று ஒப்புக்கொண்டு, சத்தமாக வாசித்து, இரண்டு நிமிடத்துக்குள் கொண்டுவந்தோம். வெட்டும்போதுதான் எது என் வாக்கு, எது வெறும் அழகு என்று தெரிகிறது. "என்றென்றும்" எல்லாம் போய்விட்டது. "கோபமாக இருந்தாலும் போன் எடுப்பேன்" தங்கிவிட்டது. அவர் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார்.

எழுதி என்ன பயன், யாருக்கும் கேட்காவிட்டால்? போன மாதம் ஒரு கல்யாணத்தில் மணமக்கள் ஏதோ உருக்கமாகச் சொன்னார்கள், முதல் இரண்டு வரிசை மட்டும் அழுதது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். மண்டபத்துக்குள் அந்த அளவு குறையாது, ஆனால் சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி சொற்களைக் குழப்பிவிடும். அதனால் முன்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கரை அலறவிடாமல், நடுவிலும் பின்னாலும் சின்ன ஸ்பீக்கர்களைக் குறைந்த சத்தத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறோம். சட்டையில் செருகும் மைக் இரண்டு. கையில் பிடிக்கும் மைக் ஒன்று மாற்றாக. மைக்குக்குத் தம்பி பொறுப்பு.

சித்தப்பா வாழ்த்துரை எழுதுகிறாராம். எட்டுப் பக்கம் ஆகியிருக்கிறதாம்.

ஏப்ரல் 27

எல்லாரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தால் முகமே தெரியாது. லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் 2014இல் வெளியிட்ட சோதனை ஒன்று: அருங்காட்சியகத்தில் படம் எடுத்துக்கொண்டே போனவர்களுக்கு, படம் எடுத்த பொருட்கள், சும்மா பார்த்தவற்றைவிடக் குறைவாகவே நினைவில் இருந்தன. ஆனால் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தபோது அந்த மறதி இல்லை. கவனித்து எடுத்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

அதனால் முழுத் தடை போடவில்லை. உறுதிமொழி நேரத்தில் மட்டும் செல்போன் பைக்குள். அதை அறிவிக்கப்போவது பெரியம்மா. அவர் சொன்னால் யாரும் மீற மாட்டார்கள்.

குழுப் படங்களை மாலைக்கு மாற்றினோம். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே நிழல் விழும்; சூரியன் சாயும்போது வெளிச்சம் பக்கவாட்டில் மெதுவாக விழும். யார் யார் எந்தப் படத்தில் என்ற பட்டியல் அண்ணியிடம். அவருக்குத்தான் இரண்டு பக்க முகங்களும் தெரியும்.

மே 18, ஞாயிறு

மண்டபத்துக்கு உள்ளே வருவதைப் பற்றி நான்கு மாதமாகப் பேசுகிறோம், வெளியே போவதைப் பற்றி யாரும் பேசவில்லை. டேனியல் கானமன் குழுவின் 1993 ஆய்வில் ஒரு வேடிக்கையான பகுதி உண்டு. 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 நொடி கை வைப்பது ஒரு தடவை. அதே 60 நொடியோடு, நீர் மெல்ல 15 டிகிரிக்கு வரும் இன்னொரு 30 நொடியும் சேர்த்து மறு தடவை. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் நீண்டதையே எடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததே காரணம்.

எங்கள் முடிவு என்ன? வண்டி நிறுத்துமிடத்தில் நெரிசல், செருப்புத் தேடல், அழும் குழந்தை. அதனால் கடைசி ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் வாசலிலேயே நிற்கப்போகிறோம். அதுவரை பேச முடியாமல் போனவர்களுக்கு, வழியனுப்பும்போது அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுத்துவிடலாம். வெளியூர் முதியவர்களுக்கு வண்டி முதலிலேயே சொல்லியாயிற்று.

ஜூன் 8

நாற்காலிதோறும் ஒரு சின்ன அட்டை வைக்கிறோம். வருகிறவர் பெயர், கீழே அவரைப் பற்றி எங்கள் கையெழுத்தில் ஒரு வரி. முதல் ஐம்பது ஓடிவந்தது. "எனக்கு சைக்கிள் பழக்கிவிட்டு, நான் விழுந்ததை அம்மாவிடம் சொல்லாத மாமாவுக்கு." இந்த மாதிரி.

அப்புறம் நின்றுவிட்டது. அப்பாவின் பழைய அலுவலக நண்பர் ஒருவர். எனக்கு அவர் பெயரும் மீசையும் மட்டும்தான் தெரியும். பட்டியல் போட்டபோது இந்தப் பெயரை அடிக்கலாம் என்று நான் சொன்னதும் அப்பா பேசாமல் எழுந்து போனது நினைவுக்கு வந்தது. இன்று கேட்டேன். நான் பிறந்த வாரம் அப்பாவுக்கு வேலை போயிருந்ததாம். வீட்டில் யாருக்கும் தெரியாது. வேறு வேலை கிடைக்கும்வரை இந்த நண்பர்தான் சம்பள நாளில் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தாராம். அம்மா உள்ளேயிருந்து, "இதை எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்று வந்தார். அப்புறம் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள், நான் அடுத்த அட்டைக்குப் போனேன்.

அவருடைய அட்டையை அப்பாவே எழுதட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

ஒத்திகை முடிந்தது. பெரியம்மா அரைவட்டத்தைச் சுற்றிப் பார்த்தார், சாய்தளத்தில் தானே ஏறினார், "எனக்காகவா மேடையை எடுத்தீங்க?" என்று கேட்டார். "இல்ல பெரியம்மா, செலவு குறையும்னு" என்றார் அவர். நம்பவில்லை என்பது தெரிந்தது.

நாளை முதல் என் செல்போன் அண்ணியிடம். யார் எப்போது வருவார், யாரிடம் சாவி, யாருக்குப் பாக்கி என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்தாயிற்று. சித்தப்பா உரையைச் சுருக்கிவிட்டதாகச் சொன்னார். இப்போது ஆறு பக்கம்தானாம். மைக்கை எப்போது வாங்குவது என்று தம்பிக்குச் சைகை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.