மணல் பானையும் ஒற்றை ஆள் சமையலும்

சென்ற பங்குனியில் சேலத்துக்கு மாற்றலாகி வந்து, அஸ்தம்பட்டியில் ஒரு மாடி வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடத் தொடங்கிய முதல் மாதத்தில், வாங்கிய காய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குப்பையில் கொட்டினேன். நான்கு பேருக்குச் சமைத்துப் பழகிய கை, ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்குப் போனால் நான்கு பேருக்கே வாங்கிவிடுகிறது. புதன்கிழமைக்குள் கீரை கறுத்து, கத்தரிக்காய் தோல் சுருங்கி, வெள்ளரிக்காய் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் நீர் விட்டுக் கிடக்கும். விடியுமுன் பறித்து, மூட்டை கட்டி, பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்து ஒருவர் விற்ற காயை அப்படி வாரிக் கொட்டுவது மனத்துக்குப் பெரிய பாரமாக இருந்தது. எனவே சித்திரை முதல் நாளில் ஒரு நோட்டுப் போட்டு, எந்தக் காயை எங்கே வைத்தேன், எத்தனை நாள் தாங்கியது என்று எழுதி வரத் தொடங்கினேன். ஐப்பசி வரையிலான அந்தக் குறிப்புகளிலிருந்து பயன்படக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரங்களில் தெரிந்துகொண்டது, ஃபிரிட்ஜ் எல்லாக் காய்க்கும் ஏற்ற இடமில்லை என்பதுதான். பறித்த பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது, தன்னிடமுள்ள சர்க்கரையைச் செலவழிக்கிறது, தண்ணீரை இழக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த மூச்சின் வேகம் இரண்டு முதல் மூன்று மடங்காகிறது என்பதால், குளிர்ச்சி நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் வெப்ப நாட்டுச் செடிகளின் காய்களுக்கு அளவு மீறிய குளிர் ஒரு காயத்தைப் போன்றது. தக்காளி 12, 13 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்தால் மணம் இழந்து மாவாகிறது. கத்தரி, வெண்டை, வெள்ளரி ஆகியவற்றுக்கு 10 டிகிரியை ஒட்டிய குளிரே போதும், அதற்கும் வெகுவாகக் கீழே போனால் தோலில் குழி விழுகிறது. என் ஃபிரிட்ஜில் வைத்த தெர்மாமீட்டர் 4 டிகிரி காட்டியது. வெளியே சமையலறையிலோ பிற்பகலில் 37. இவை இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் எனக்குத் தேவைப்பட்டது.

பானைக்குள் பானை வைத்து, இடையில் ஈர மணல் நிரப்பும் முறை புதியதன்று. நைஜீரியாவின் வடபகுதியைச் சேர்ந்த ஆசிரியர் முகம்மது பா அப்பா இதை ஊர் ஊராகப் பரப்பி 2000ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் விருது பெற்றார். தில்லியில் பூசா வளாகத்தில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் இதே தத்துவத்தில், இரட்டைச் செங்கல் சுவருக்கு நடுவே மணலை நிரப்பி, மின்சாரம் வேண்டாத குளிர் அறையை வடிவமைத்திருக்கிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்வதால் உள்ளே குளிர்கிறது. கோடையில் நம் வீடுகளில் தண்ணீர்ப் பானை செய்யும் வேலையும் இதுதான்.

சாலையோரக் கடையில் பெரிய பானை ஒன்றும், அதற்குள் எல்லாப் பக்கமும் மூன்று விரல் இடைவெளியோடு அடங்கும் சிறிய பானை ஒன்றும் வாங்கினேன். ஆற்று மணலைச் சலித்து, பலமுறை கழுவி நிரப்பி, தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தேன். இரண்டு நாளாகியும் உள்ளே 34 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. வெளிப்பானையைத் தடவிப் பார்த்தால் கை ஈரமாகவே இல்லை. பிறகுதான் விரல் நகத்தால் கீறிப் பார்த்தேன். செக்கச் செவேலென்ற அந்த நிறம் மண்ணின் நிறமன்று, மேலே அடித்த பெயிண்ட். துளைகள் அடைபட்ட பானை கசியாது, கசியாத பானை குளிராது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, அழகுக்காக அடித்ததுதான் என்று சொல்லி, பூச்சில்லாத ஒரு பழுப்புப் பானையைக் குறைந்த விலைக்கே கொடுத்தார். வாங்கும் முன் பானையின் வெளிப்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். அது உருண்டு ஓடினால் வாங்கக் கூடாது, ஊறி மறைந்தால் வாங்கலாம்.

புதுப் பானையைச் சன்னலோரம், காற்று வரும் ஆனால் வெயில் படாத மூலையில், மூன்று செங்கற்களின் மேல் வைத்தேன். அடிப்பகுதிக்கும் காற்று வேண்டும். வாயை நனைத்த கோணித் துண்டால் மூடினேன். காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு சொம்புத் தண்ணீர் மணலில் ஊற்றினேன். மறுநாள் பிற்பகல் வெளியே 37, உள்ளே 27. பத்து டிகிரி வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்த அந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிலிருக்கிறது.

அடுத்த வாரம் அரை கிலோ கத்தரிக்காயை இரு சம பங்காகப் பிரித்து, ஒரு பங்கைக் கூடையிலும் ஒரு பங்கைப் பானையிலும் வைத்து மூன்று நாள் நிறுத்துப் பார்த்தேன். கூடையிலிருந்த கால் கிலோ 208 கிராமாகச் சுருங்கியிருந்தது. பானையிலிருந்தது 241 கிராம், காம்பு பச்சையாகவும் தோல் பளபளப்பாகவும் இருந்தது. தக்காளி பானையில் எட்டு நாள் தாங்கியது. வெண்டைக்காய் மட்டும் ஏமாற்றம் தந்தது; நான்காம் நாள் காம்பின் ஓரத்தில் கருமை படர்ந்து வழவழப்பாகிவிட்டது. ஈரம் மிகுந்த இடம் அதற்கு ஒத்துவரவில்லை என்பதால், வெண்டையை வாங்கிய மறுநாளே சமைத்துவிடுகிறேன்.

இங்கே நான் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். இடம் இருக்கிறதே என்று பழுத்த தக்காளியோடு வெள்ளரிப் பிஞ்சுகளையும் அதே பானையில் போட்டேன். மூன்றாம் நாள் பிஞ்சுகள் மஞ்சள் பூத்திருந்தன. தக்காளி, வாழை, மாம்பழம், பப்பாளி போன்றவை பழுக்கும்போது எத்திலீன் வாயுவை விடுகின்றன. அந்த வாயு பட்டால் வெள்ளரியும் கீரையும் சீக்கிரம் மஞ்சளாகின்றன, கேரட் கசக்கிறது. மூடிய சிறு பானையில் அது வெளியேற வழியில்லை. வைகாசியில் மல்கோவாவும் இமாம் பசந்தும் வந்து குவிந்தபோது, இதை மனத்தில் வைத்து, மாம்பழக் கூடையைச் சமையலறையிலிருந்தே வெளியேற்றி முன்னறையில் வைத்தேன்.

கீரை விஷயத்தில் எனக்கு வழிகாட்டியவர் சந்தையில் வாரந்தோறும் கீரை விற்கும் ஒரு பாட்டி. இரண்டாம் நாளே அழுகிவிடுகிறது என்று நான் குறைபட்டுக்கொண்டபோது, "வாடாம இருக்கட்டும்னு நாங்க தண்ணி தெளிக்கறோம் சாமி, நீங்க அதை அப்படியே கவருல கட்டி வெச்சா அழுகாம என்ன பண்ணும்?" என்றார். அன்றுமுதல் வீட்டுக்கு வந்தவுடன் கட்டைப் பிரித்து, அழுகல் இலையைப் பொறுக்கி எறிந்து, கழுவாமல், மின்விசிறியின் கீழ் பழைய வேட்டித் துணியில் அரை மணி நேரம் பரப்பி, மேல் ஈரம் போனபின் அதே துணியில் தளர்வாகச் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் ஃபிரிட்ஜில் வைக்கிறேன். துணி மிகை ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. டப்பா இலையின் ஈரம் பறந்துபோகாமல் காக்கிறது. அரைக்கீரை இப்படி ஐந்து நாள் நின்றது. கொத்தமல்லி பத்து நாள்.

தனியாளுக்கு இன்னொரு தொல்லை, வெட்டிய காய். முட்டைக்கோஸைப் பாதியாக அரிந்து வைத்தால் அரிந்த முகம் மறுநாளே கறுக்கிறது. அதனால் வெளி இதழ்களை ஒவ்வொன்றாக உரித்து எடுத்துக்கொள்கிறேன், உருண்டை முழுதாகவே மூன்று வாரம் இருக்கிறது. பரங்கிப் பத்தையில் முதலில் கெடுவது விதையும் நாரும் உள்ள நடுப்பகுதி என்பதால், வாங்கியவுடன் அதைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிடுகிறேன்.

ஆனி மாதத்தில் ஒருநாள் ஏற்காட்டுக்குப் போயிருந்தேன். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைந்த அந்தக் காற்றில், கடைகளில் தக்காளி கூடையிலேயே பல நாள் கெடாமல் இருப்பதைக் கண்டபோது, என் பானை அடுப்படியின் மூலையில் செய்துகொண்டிருப்பது என்னவென்று நன்றாக விளங்கியது. வரும்போது நான்கு மேரக்காயும் (சௌசௌ) இரண்டு பட்டர் ஃப்ரூட்டும் வாங்கி வந்தேன். பட்டர் ஃப்ரூட் மரத்தில் பழுக்காது, பறித்த பின்தான் பழுக்கும் என்பதால் ஒன்றை வாழைப்பழத்தோடு காகிதத்தில் சுற்றி வெளியே வைத்தேன், மற்றொன்றை ஃபிரிட்ஜில் நிறுத்திவைத்தேன். முதலாவதைத் தின்று முடித்து ஒரு வாரம் கழித்தே இரண்டாவது தேவைப்பட்டது. மேரக்காய்களைப் பானையில் வைத்து மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், ஒன்றின் அடிப்பிளவிலிருந்து வெளிர்பச்சைக் குருத்து விரல் நீளம் நீண்டிருந்தது. அதன் ஒற்றை விதை காய்க்குள்ளேயே முளைப்பது. மற்ற மூன்றையும் கூட்டு வைத்தேன். முளைத்ததைத் தொட்டியில் நட்டேன், இப்போது மாடிப் படிக் கைப்பிடியில் கொடி ஏறிக்கொண்டிருக்கிறது.

பானையைப் பராமரிப்பதில் சோம்பல் கூடாது. வாரம் ஒருமுறை உள்பானையை வெளியே எடுத்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஒரு பகல் முழுதும் வெயிலில் காயவைக்க வேண்டும். ஒரு வாரம் தவறவிட்டேன். பானையின் உட்புறம் வெண்பூஞ்சை பிடித்து, அடியிலிருந்த தக்காளிகள் முழுவதும் வீணாயின.

ஆவணியில் மழை தொடங்கியதும் பானையின் திறன் குறைந்தது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது மணலின் தண்ணீர் ஆவியாக இடமில்லை. ஐப்பசி முதல் வாரக் குறிப்பில் வெளியே 30, உள்ளே 28 என்றிருக்கிறது. அந்த இரண்டு டிகிரிக்காக ஈரத்தையும் பூஞ்சையையும் தாங்குவது வீண் என்று முடிவு செய்து, உள்பானையை எடுத்துக் கவிழ்த்துவைத்தேன். இம்மாதங்களில் ஞாயிறு ஒருநாள் மட்டும் சந்தைக்குப் போகாமல், வியாழக்கிழமையும் போய்க் கால் கால் கிலோவாக வாங்குகிறேன். வீட்டின் வெப்பமே குறைந்திருப்பதால் கூடையிலுள்ள காய் மூன்று நாள் தாங்கிவிடுகிறது.

பெரிய பானையும் மணலும் அதே மூலையில்தான் இருக்கின்றன. அந்த மணலை இலேசான ஈரத்தில் வைத்து, கால் கிலோ இஞ்சியைப் புதைத்திருக்கிறேன். இன்றோடு நாற்பது நாள் ஆகிறது. காலையில் டீக்கு ஒரு துண்டு ஒடித்தபோது நார் தெறிக்க, சாறு விரலில் வழிந்தது. மாசியில் வெயில் ஏறியதும் இஞ்சியை வெளியே எடுத்துவிட்டு, உள்பானையை மறுபடி இறக்க வேண்டும்.