மூடுல் க்விஸ்: முதல் மாணவர் தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

இணையவழிப் பாடங்களை நடத்தும் மென்பொருளான மூடுலில் தேர்வு (க்விஸ்) வைக்கும்போது கேள்விகளைத் தட்டச்சு செய்வதற்கே நாள் முழுக்கப் போய்விடும். அமைப்புப் பக்கத்தை அவசரமாக உருட்டிவிட்டு 'சேவ்' கொடுப்போம். தேர்வு நாளில் வரும் சிக்கல்களோ பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகின்றன. அதிலும் ஒரு மாணவராவது தேர்வைத் தொடங்கிவிட்டால் அதன்பின் கேள்வியைச் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. ஆசிரியர் பார்க்கும் 'பிரிவ்யூ' இந்தக் கணக்கில் வராது. அதனால் எத்தனை முறை வேண்டுமானாலும் முன்கூட்டி ஓட்டிப் பார்க்கலாம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது இது பயிற்சியா, மதிப்பெண் தேர்வா என்பது. இரண்டுக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது. மதிப்பெண் தேர்வு என்றால் 'ஹவ் குவெஸ்சன்ஸ் பிஹேவ்' என்ற இடத்தில் 'டிஃபர்டு ஃபீட்பேக்' போதும்: எல்லாக் கேள்விக்கும் விடையளித்து மொத்தமாகச் சமர்ப்பித்த பிறகே திருத்தம் நடக்கும். பயிற்சிக்கு எனக்குப் பிடித்தது 'இன்டராக்டிவ் வித் மல்டிபிள் டிரைஸ்'. தவறினால் குறிப்பைப் படித்துவிட்டு மறுபடி முயலலாம். இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எத்தனை முறை முயலலாம் என்பது க்விஸ் அமைப்பில் இல்லை. ஒவ்வொரு கேள்வியிலும் எழுதியிருக்கும் 'ஹின்ட்' (குறிப்பு) எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் அது. ஹின்ட் எதுவும் எழுதாவிட்டால் ஒரே ஒரு முயற்சிதான். ஒவ்வொரு தவறான முயற்சிக்கும் குறையும் மதிப்பெண் இயல்பாக 33.33 சதவீதம்; அதையும் கேள்விக்குள்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது நேரம். திறக்கும் நேரம், மூடும் நேரம், 'டைம் லிமிட்' மூன்றும் வெவ்வேறு. காலை 10 மணிக்குத் திறந்து 11 மணிக்கு மூடும் க்விஸுக்கு 30 நிமிட வரம்பு வைத்தால், 10.50க்குத் தொடங்குகிறவருக்கு 10 நிமிடம்தான் கிடைக்கும். இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவே முடிவு. எனவே "10.30க்குள் தொடங்கிவிடுங்கள்" என்று க்விஸின் விளக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது. இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்: உலாவியை மூடினாலும், இணையம் போனாலும் கடிகாரம் நிற்காது. எழுதிய விடைகள் இயல்பாக நிமிடத்துக்கு ஒருமுறை தானே சேமிக்கப்படும். திரும்ப உள்ளே வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். போன நேரம் போனதுதான்.

நேரம் முடிந்ததும் என்ன நடக்க வேண்டும் என்பதற்கான 'வென் டைம் எக்ஸ்பயர்ஸ்' பட்டியலில் மூன்று தெரிவுகள் இருக்கும். முதலாவதான தானியங்கிச் சமர்ப்பிப்பை விட்டு நகர வேண்டாம் என்பது என் திடமான கருத்து. கடைசித் தெரிவை வைத்தால், எல்லாக் கேள்விக்கும் விடையளித்து இறுதிப் பொத்தானை மட்டும் அழுத்தாதவரின் முயற்சி கணக்கிலேயே வராது. ஒரு பொத்தானுக்காக முழுத் தேர்வையும் இழப்பது அநியாயம். உலாவியை மூடிவிட்டுப் போனவரின் தாளைத் தானாகச் சமர்ப்பிப்பது சர்வரில் குறித்த இடைவெளியில் தானாக ஓடும் 'கிரான்' வேலைதான். நேரம் முடிந்து வெகுநேரம் ஆகியும் சிலரின் முயற்சி 'இன் புரோகிரஸ்' என்றே காட்டினால், மாணவரைக் கேட்பதற்கு முன் சர்வர் நிர்வாகியிடம் கிரான் ஓடுகிறதா என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, மாணவருக்கு எப்போது என்ன தெரியும் என்பதை முடிவு செய்யும் 'ரிவ்யூ ஆப்ஷன்ஸ்'. நான்கு பத்திகள் (நெடுவரிசைகள்): எழுதும்போது, முடித்த உடனே, க்விஸ் இன்னும் திறந்திருக்கும்போது, மூடிய பிறகு. 'முடித்த உடனே' என்பது சமர்ப்பித்த முதல் இரண்டு நிமிடம் மட்டும். இரண்டாவது, மூன்றாவது பத்திகளில் 'ரைட் ஆன்சர்' டிக் ஆகியிருந்தால், முதலில் முடித்தவர் திரையைப் படம் எடுத்து அனுப்ப, மீதிப் பேர் விடையோடு உட்கார்ந்து எழுதுவார்கள். மதிப்பெண் தேர்வுக்கு முதல் மூன்று பத்திகளிலும் சரி-தவறு, விடை, ஃபீட்பேக் அனைத்தையும் எடுத்துவிட்டு, கடைசிப் பத்தியில் மட்டும் டிக் வையுங்கள். இங்கே ஒரு கண்ணி: மூடும் தேதியே வைக்காத க்விஸ் ஒருபோதும் மூடாது. கடைசிப் பத்திக்கு வேலையே வராது, மாணவர் தன் விடைத்தாளைப் பார்க்கவே முடியாது. 'மார்க்ஸ்' வரிசையின் டிக் மதிப்பெண் ஏட்டையும் தொடும். மூன்றாம் பத்தியில் அதை எடுத்து நான்காவதில் வைத்தால், மூடும் நேரம் வரை ஏட்டிலும் மதிப்பெண் மறைந்தே இருக்கும். "எழுதியும் மதிப்பெண் வரவில்லை" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உடல்நலக் குறைவால் மறுநாள் எழுதப்போகிறவருக்கு 'யூசர் ஓவர்ரைடு' மூலம் தனித் தேதி கொடுப்போம். அந்தத் தேதி அவருக்கு மட்டும்தான்; மற்றவர்களுக்கு க்விஸ் பழைய நேரத்திலேயே மூடி, விடைகளும் திறந்துவிடும். அதனால் கடைசி மாணவர் எழுதி முடிக்கும் வரை நான்காம் பத்தியிலும் 'ரைட் ஆன்சர்' டிக்கை எடுத்து வைத்திருந்து, பிறகு சேர்ப்பதே பாதுகாப்பு. கூடுதல் நேரம் தேவைப்படுகிறவர்களுக்கும் இதே ஓவர்ரைடில் டைம் லிமிட்டை மாற்றிக் கொடுக்கலாம். பலருக்கு என்றால் ஒரு குழுவாக்கி 'குரூப் ஓவர்ரைடு' வைப்பது எளிது.

கேள்விகள் பக்கத்தின் மேலே 'மேக்ஸிமம் கிரேட்' என்ற பெட்டி இருக்கிறது. இயல்பாக அதில் 10 இருக்கும். தலா ஒரு மதிப்பெண்ணில் 20 கேள்வி சேர்த்தாலும் அது தானாக 20 ஆகாது; 15 சரியாக எழுதியவருக்கு 7.5 என்று காட்டும். கேள்விகளைச் சேர்த்து முடித்ததும் அந்தப் பெட்டியை மொத்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

விடைத் தெரிவுகளைக் கலைத்துக் காட்ட க்விஸில் ஒரு டிக், கேள்விக்குள் ஒரு டிக், இரண்டும் வேண்டும். "மேற்கண்ட அனைத்தும்" என்று முடியும் கேள்வியில் உள் டிக்கை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது முதல் வரியில்கூட வந்து நிற்கலாம். பல விடைகள் சரியாக இருக்கும் கேள்வியில் தவறான தெரிவுகளுக்குச் சுழியம் வைத்தால், எல்லாவற்றையும் டிக் செய்தவருக்கு முழு மதிப்பெண் போய்விடும். இரண்டு சரி, இரண்டு தவறு என்றால் சரிக்குத் தலா 50 சதவீதம், தவறுக்குத் தலா கழித்தல் 50 சதவீதம் வையுங்கள். கேள்வியின் மொத்த மதிப்பெண் சுழியத்துக்குக் கீழே இறங்காது.

இவ்வளவும் முடிந்ததும் ஆசிரியர் கணக்கை நம்பாமல் ஒரு சோதனை மாணவர் கணக்கால் முழுத் தேர்வையும் எழுதிப் பாருங்கள். ஆசிரியர் பிரிவ்யூவில், திறக்கும் நேரம் வராவிட்டாலும் எச்சரிக்கையோடு உள்ளே விட்டுவிடும், மாணவருக்கு விடாது. சமர்ப்பித்ததும் ஒருமுறை, மூன்று நிமிடம் கழித்து ஒருமுறை விடைத்தாளைத் திறந்து, என்ன தெரிகிறது என்று பாருங்கள். பிறகு அந்தச் சோதனை முயற்சியை 'ரிசல்ட்ஸ்' பக்கத்தில் நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால் கேள்விப் பட்டியல் பூட்டியே இருக்கும்.

தேர்வு முடிந்த பிறகு ஒரு கேள்வியின் விடையே தவறு என்று தெரிந்தால் பதற வேண்டாம். கேள்வியைத் திறந்து சரியான தெரிவுக்கு 100 சதவீதம் கொடுங்கள். தெரிவுகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பிறகு ரிசல்ட்ஸ் பக்கத்தில் 'ரீகிரேட்' (மறுதிருத்தம்) கொடுக்க வேண்டும். நேரடியாக ஓட்டாமல் முதலில் 'டிரை ரன்' கொடுத்தால், யார் யாருக்கு மதிப்பெண் மாறும் என்று காட்டும். அந்தப் பட்டியல் சரியாக இருந்தால் மட்டும் உண்மையாக ஓட்டுங்கள்.