கேலிப்ரேஷனுக்கு வந்த அண்ணன்

கிண்டி தொழிற்பேட்டையில் நான் தர ஆய்வாளராக இருந்த பட்டறை, பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போனதும் ஆட்களைக் குறைத்தது. வேலை இழந்த நாங்கள் பன்னிரண்டு பேரும் அன்று மாலையே எங்கெங்கே கேட்கலாம் என்று கலந்து பேசினோம். எல்லோரும் சொன்னது அதே நான்கு கம்பெனிகளின் பெயர்களைத்தான். தினமும் ஒரே டீக்கடையில் நின்று பேசியவர்களிடம் புதுச் செய்தி இருக்க வழியில்லை.

அம்பத்தூரில் ஆள் தேடுகிறார்கள் என்று எனக்குச் சொன்னவர், எங்கள் மைக்ரோமீட்டர், வெர்னியர் போன்ற அளவுக் கருவிகளைக் கேலிப்ரேஷன் செய்ய, அதாவது அவை சரியான அளவைக் காட்டுகின்றனவா என்று சோதிக்க, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்துபோன அண்ணன். காலையில் கிண்டி, மதியம் அம்பத்தூர், மாலையில் திருமுடிவாக்கம் என்று சுற்றுபவர் என்பதால், எந்தப் பட்டறையில் புது மெஷின் இறங்கியிருக்கிறது, எங்கே ஆள் நின்றுவிட்டார் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதியதும் இதைத்தான்: தெரிந்தவர் மூலம் வேலை பெற்ற 54 பேரிடம் அவர் விசாரித்தபோது, வாரத்தில் இரண்டு முறையாவது பார்க்கும் ஒருவரால் வேலை கிடைத்ததாகச் சொன்னவர்கள் 16.7 சதவீதமே, மற்றவர்களுக்கு வழி காட்டியவர்கள் எப்போதாவது பார்ப்பவர்கள்.

ஆனால் எப்போதாவது பார்ப்பவர் ஏன் நமக்காகப் பேச வேண்டும்? ஒரு முறை எங்கள் மைக்ரோமீட்டர் ஒன்று அளவு தவறிக் காட்டுவதை அவர் கண்டுபிடித்தார். சரியாக இருப்பதாகவே சான்றிதழ் போடச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லாமல், அந்தக் கருவியால் அளந்த உதிரிபாகங்களை அனுப்பாமல் நிறுத்தி, மறுபடி அளக்கச் சொன்னேன். அம்பத்தூர் முதலாளியிடம் அவர் என்னைப் பற்றிச் சொன்னது இந்த ஒரு சம்பவத்தை மட்டும்தான் என்பது பிறகு எனக்குத் தெரிந்தது. நான் சேர்த்து வைத்திருந்த விசிட்டிங் கார்டுகளில் ஒன்றுகூட எனக்காக இப்படிப் பேசியதில்லை.

அம்பத்தூரில் வேலையில் சேர்ந்த விவரத்தை அவரிடம் சொல்ல நான் மறந்துபோனேன். அடுத்த கேலிப்ரேஷனுக்கு வந்தபோது என்னை அங்கே பார்த்தவர், "சேர்ந்துட்டீங்களா, தம்பி? சொல்லவே இல்லையே" என்று மட்டும் கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதனாலேயே எனக்கு அதிகம் வலித்தது. தன் பெயரைப் பணயம் வைத்து ஒருவரைச் சிபாரிசு செய்தவர், அது என்ன ஆயிற்று என்று தெரியாமலேயே ஐந்து மாதம் இருந்திருக்கிறார். அன்று முதல், யாருடைய போன் எண்ணையும் அதற்கு உரியவரிடம் கேட்காமல் நான் கொடுப்பதில்லை. கொடுத்தால், நடந்ததை அவருக்குத் தெரிவிக்கும்படி வாங்கிச் செல்பவரிடம் கட்டாயம் சொல்கிறேன்.

சென்ற மாதம் டிப்ளமோ முடித்த ஒரு பையனை அந்த அண்ணனிடம் அனுப்பினேன். நேர்காணலில் தேர்வாகவில்லை என்று அன்று மாலையே அவருக்கும் எனக்கும் அவன் போன் செய்தான். மறுநாள் காலையில் அண்ணனே என்னை அழைத்து, திருமுடிவாக்கத்தில் இன்னோர் இடம் இருக்கிறது, பையனை வரச் சொல்லுங்கள் என்றார்.