மொரீஷியஸ் தமிழருக்கு லோஜ்பான்: அன்றாடப் பேச்சை மாற்றும் வழி

வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த மொரீஷியஸ் பேச்சுமொழி), கோயிலிலும் வகுப்பிலும் தமிழ் என்று பழகியவர்களுக்கு, தர்க்க அடிப்படையில் செயற்கையாக உருவாக்கிய மொழியான லோஜ்பான் கற்பதில் ஒரு வசதி உண்டு. பேச்சு வாக்கியத்தை மாற்றும்போது ஆங்கிலத்தையோ பிரெஞ்சையோ நடுவில் கொண்டுவராதீர்கள். காலத்துக்குக் கிரியோலைப் பிடியுங்கள், மற்றதற்குத் தமிழைப் பிடியுங்கள்.

கிரியோலில் வினை காலத்துக்காக உருமாறாது, முன்னால் ஒரு சிறுசொல் வந்து நிற்கும். லோஜ்பானும் அப்படியே. கிரியோல் ‘மோ தி மான்ஸே’ (நான் சாப்பிட்டேன்) என்பது லோஜ்பானில் ‘மி பு ஷித்கா’. ‘மோ பே மான்ஸே’ (சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்) என்றால் ‘மி ஷாஹோ ஷித்கா’. ‘மோ ஃபின் மான்ஸே’ (சாப்பிட்டுவிட்டேன்) என்றால் ‘மி பாஹோ ஷித்கா’. எதிர்காலத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். கிரியோல் ‘பு’ இனி நடப்பது, லோஜ்பான் ‘பு’ நடந்து முடிந்தது. ‘மோ பு மான்ஸே’ (நான் சாப்பிடுவேன்) என்பதற்கு ‘மி பா ஷித்கா’ என்றே சொல்ல வேண்டும். ‘தி’ லோஜ்பானில் ‘இது’. ‘மோ’ அங்கே ‘நான்’ இல்லை, வினாச்சொல். ‘கி மான்யேர்?’ (எப்படி இருக்கிறாய்?) என்று விசாரிக்க ‘தோ மோ?’ போதும்.

இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருப்பது வாசிக்க மட்டுமே. பயிற்சியை ரோமன் எழுத்தில் செய்யுங்கள். ‘பு’வில் வருவது ‘பல்’லின் ப, ‘பா’வில் வருவது ‘அம்பு’வின் ப. நம் எழுத்து இரண்டையும் பிரித்துக் காட்டாது, லோஜ்பானிலோ அந்த ஒலி மாறினால் சொல்லே மாறிவிடும்.

சொல் வரிசையில் தமிழ் அழகாகக் கைகொடுக்கிறது. ‘நான் சோறு சாப்பிடுகிறேன்’ என்பதை அதே வரிசையில் ‘மி லோ ரிஸ்மி ஷு ஷித்கா’ என்று சொல்லலாம், இலக்கணப்படி முழுக்கச் சரி. அந்த ‘ஷு’ விழுந்தால் ‘ரிஸ்மி’யும் ‘ஷித்கா’வும் ஒட்டிக்கொண்டு ‘சோற்றுத் தின்னி’ என்ற பெயராகிவிடும், வாக்கியத்தில் வினையே இருக்காது. காலச்சொல் வந்தால் அதுவே பிரித்துவிடும், ‘ஷு’ வேண்டாம்.

‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு கிரியோல் ‘நூ’வில் கிடையாது. நீயும் நானும் என்றால் ‘மிஹோ’, உன்னை விட்டு நாங்கள் என்றால் ‘மிஹா’, உன்னோடு மற்றவர்களும் சேர்ந்தால் ‘மாஹா’. ‘சாப்பிட்டாச்சா?’ என்பது ‘ஃகு தோ பாஹோ ஷித்கா?’ பதிலாக நாம் ‘சாப்பிட்டாச்சு’ என்று வினையைத் திருப்பிச் சொல்வோமே, அந்த வேலையை ‘கோஹி’ என்ற ஒரே சொல் செய்கிறது. இல்லை என்றால் ‘நா கோஹி’.

மழையில் மட்டும் இரண்டு மொழியும் சறுக்கும். கிரியோல் போல ‘லாப்ளி பே தொம்பே’ (மழை விழுகிறது) என்று விழ வைக்கவும் வேண்டாம், ‘பெய்கிறது’ என்று தனி வினை தேடவும் வேண்டாம். ‘ஷார்வி’ என்றாலே மழை பெய்கிறது. இடம் சேர்க்க: ‘ஷார்வி புஹு லா கூர்பிப்’ (கூர்பிப் ஊரில் மழை பெய்கிறது). முன்னால் ‘ஓய்’ போட்டால் ‘ஐயோ, மழை’, ‘உய்’ போட்டால் மகிழ்ச்சி. இரண்டிலும் மழை உண்மையாகவே பெய்கிறது. ‘ஆஹோ ஷார்வி’யில் அப்படியில்லை, பெய்யட்டும் என்ற நம்பிக்கை மட்டுமே. இந்த உணர்ச்சிச் சொற்களே லோஜ்பானின் உயிர் என்பேன். இலக்கணத்துக்கு முன்பே இவற்றைப் பழகுங்கள்.

1987-இல் தொடங்கிய இம்மொழியின் ஏறத்தாழ 1,350 வேர்ச்சொற்கள் சீனம், ஆங்கிலம், இந்தி, ஸ்பானியம், ரஷ்யன், அரபி ஆகிய ஆறு மொழிகளைக் கலந்து செய்தவை. நம் சாப்பாட்டுக்கெல்லாம் அதில் சொல் கிடைக்காது, நாமே செய்துகொள்ள வேண்டும். உணவுக்கான ‘ஷித்ஜா’வின் கடைசி உயிரை நீக்கி, ‘ர்’ சேர்த்து, கடன் சொல்லை ஒட்டுங்கள்: தால்புரி (பருப்பு வைத்த ரொட்டி) ‘ஷித்ஜ்ர்தால்புரி’ ஆகும். சொல் உயிரில் முடிய வேண்டும். கடன் சொல் ‘ர’வில் தொடங்கினால் ‘ர்’ருக்குப் பதில் ‘ன்’. ஆள், ஊர்ப் பெயர்களுக்கு நேர்மாறு, மெய்யில் முடிய வேண்டும். முருகன் அப்படியே நிற்பார், வள்ளி ‘வாலிஸ்’ ஆவாள், போர்ட் லூயி ‘போர்லுயிஸ்’ ஆகும்.